விஸ்காம் மாணவியின் மாக்கப்பும் ஆடித் தள்ளுபடி விலையும்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டில் படிக்கும் தங்கள் மகள், ஒரே ஒரு இன்ஸ்டாகிராம் மாக்கப்புக்காக (பதிவு வெளியானால் எப்படித் தெரியும் என்று காட்டும் மாதிரி வடிவத்துக்காக) இரவு வெகுநேரம் விழித்திருந்து விலையையும் வாசகத்தையும் மாற்றி மாற்றி எழுதுவது வீண் வேலையோ என்று கேட்டிருந்தீர்கள். வீண் வேலையன்று. போர்ட்ஃபோலியோவை, அதாவது படைப்புகளின் தொகுப்பைப் பார்த்து ஆள் எடுப்பவர்கள், படம் அழகாக இருக்கிறதா என்பதோடு, அது கைப்பேசித் திரைக்குப் போனால் என்னவாகும் என்பது வரைந்தவருக்குத் தெரியுமா என்றும் பார்ப்பார்கள்.

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்றுக்குத் தங்கள் மகள் வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்து வரவேண்டிய இடத்தில் 'லோரம் இப்சம்' என்று பொருளற்ற லத்தீனை நிரப்பிவிட்டால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அங்கே "ஆடித் தள்ளுபடி: கைமுடிச்சுச் சுங்குடிச் சேலைகள் ₹1,450 முதல்" என்று எழுதிப் பார்க்கும்போதுதான், நீண்ட தமிழ்ச் சொற்கள் வரிக்குள் அடங்காமல் மடங்குவதும், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் 'மு' கீழே இறங்கிக் கீழ்வரியின் புள்ளியோடு இடிப்பதும் கண்ணில் படும். படத்தோடு வரும் குறிப்பான கேப்ஷனும் அப்படியே, நீளமானால் செயலி அதை மடித்து வைத்துவிடுமாதலால், விலை முதல் வரியிலேயே வரவேண்டும். 1080-க்கு 1920 பிக்சல் அளவுள்ள இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் மேலும் கீழும் சுமார் 250 பிக்சல் காலியாக விடாவிட்டால், கணக்கின் பெயரும் பதில் எழுதும் பெட்டியும் எழுத்தின் மேல் வந்து உட்காரும். யூடியூப் தம்ப்நெயிலில் (காணொளியின் முகப்புப் படத்தில்) வலப்பக்கக் கீழ்மூலையில் நேரம் காட்டும் பட்டை வரும். தள்ளுபடி விழுக்காட்டை அங்கேதான் பலரும் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

படங்களிலும் இந்தக் கவனம் வேண்டும். கடைக்காரர் அனுப்பப்போவது ஸ்டுடியோ படமன்று, டியூப்லைட் வெளிச்சத்தில் கைப்பேசியில் எடுத்த படம். அத்தகைய ஒன்றையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு தேவை. உண்மைபோல் இருப்பது வேறு, உண்மையென நம்பவைப்பது வேறு. ஏற்கெனவே உள்ள நிறுவனத்தின் லோகோவை எடுத்திருந்தால், அது தாமாகச் செய்த பயிற்சிப் பணி என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். மாக்கப்பில் கற்பனையாகப் போட்ட லைக் எண்ணிக்கையைச் சாதனைபோலக் காட்டவே கூடாது. நேரம் போதவில்லையென்றால் மாக்கப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், தூக்கத்தைக் குறைக்க வேண்டாம்.