மரண விளிம்பு அனுபவம்: மூளையா, ஆன்மாவா? கேள்வி பதில்

முத்துக்குமார்: இதயம் நின்று பிழைத்தவர்கள் எல்லோருக்கும் இந்த மரண விளிம்பு அனுபவம் வருமா சார்? சுரங்கம், வெளிச்சம் என்று ஒரே மாதிரி சொல்கிறார்களே?

எல்லோருக்கும் வராது. நெதர்லாந்தில் இதய மருத்துவர் பிம் வான் லோமெல் குழுவினர் 10 மருத்துவமனைகளில், இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரிடம் விசாரித்தார்கள். 62 பேர், அதாவது 18 சதவீதம் பேர்தான் ஏதோ ஞாபகம் இருக்கிறது என்றார்கள். 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. மற்றவர்களுக்கு அந்த நேரம் அப்படியே காலி.

ஒரே மாதிரியும் சொல்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் 1983இல் இந்த அனுபவத்தை அளக்க ஓர் அளவுகோல் கொண்டுவந்தார். 16 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 32இல் குறைந்தது 7 வந்தால்தான் ஆய்வில் சேர்ப்பார்கள். அமைதி, வெளிச்சம், உடலை விட்டு விலகியது, இறந்துபோனவர்களைக் கண்டது, தாண்டக்கூடாத எல்லை எல்லாம் அதில் உண்டு. சினிமாவில் தவறாமல் வரும் சுரங்கம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

லோகநாதன்: ஆக்சிஜன் குறைந்தால் வரும் மாயத்தோற்றம்தானே? இதில் பேச என்ன இருக்கிறது?

பாதி சரி. போர் விமானிகளைச் சுழற்சி எந்திரத்தில் வைத்துச் சுற்றும்போது தலையிலிருந்து ரத்தம் இறங்கும். விழித்திரையின் ஓரங்கள் முதலில் செயலிழப்பதால் பார்வை ஒரு குழாய் போலச் சுருங்கும். சுரங்கத்துக்கு இது நல்ல விளக்கம். 1994இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான 42 இளைஞர்களைச் சில விநாடி மயங்கவைத்துப் பார்த்ததிலும், பலர் அமைதியையும் ஒளியையும் சொன்னார்கள். (மேற்பார்வையில் நடந்த சோதனை அது, வீட்டில் யாரும் முயலாதீர்கள்.)

இடிக்கும் இடம் வேறு. ஆக்சிஜன் குறைந்தால் பொதுவாகக் குழப்பமும் பதற்றமும் வரும், ஞாபகம் துண்டு துண்டாகத்தான் நிற்கும். இவர்களோ கோவையாக, தெளிவாகச் சொல்கிறார்கள். அதோடு அந்த 344 பேருக்குமே மூளைக்கு ரத்தம் போகவில்லை. பிறகு ஏன் 18 சதவீதத்துக்கு மட்டும்? ‘ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் நன்றாகத்தானே இருந்தது’ என்று வாதிடுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையிலோ தொடையிலோ எடுத்த ரத்தம் மூளைக்குள் இருந்த அளவைச் சொல்லாது.

ரேவதி: மூளை அலை நேர்கோடாகிவிட்ட பிறகு அனுபவம் எப்படி வரும்? அதுவே ஆன்மாவுக்குச் சான்று இல்லையா?

இந்த விவாதத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. இதயம் நின்ற 10 முதல் 20 விநாடிக்குள் இ.இ.ஜி. எனும் மூளை அலைப் பதிவு தட்டையாகிவிடும். ஆனால் தலைத்தோலில் ஒட்டும் மின்முனைகள் பெரும்பாலும் மூளையின் மேற்பரப்பை மட்டுமே கேட்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் குழு 2013இல் 9 எலிகளைப் பதிவு செய்தபோது, இதயம் நின்ற முதல் 30 விநாடியில் விழிப்புணர்வோடு தொடர்புபடுத்தப்படும் வேகமான மூளை அலைகளான காமா அலைகள் திடீரென எழும்பின. 2023இல் மூச்சுக்கருவி அகற்றப்பட்ட 4 நோயாளிகளில் 2 பேரிடமும் அதே எழுச்சி. ஆனால் நால்வருமே இறந்துவிட்டார்கள்; என்ன கண்டார்கள் என்று கேட்க வழியில்லை.

நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். வேறு நடக்கிறது. நிமிடத்துக்கு 100–120 தடவை, 5 செ.மீ. ஆழம் என்று ஒழுங்காக அழுத்தினால், வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கிடைக்கும். இதய நிறுத்தத்தை ஆராயும் மருத்துவர் சாம் பார்னியா குழுவின் 2023 ஆய்வில் சிலருக்கு, அழுத்தம் தொடங்கி ஒரு மணி நேரம் வரையிலும்கூட, இயல்பை ஒட்டிய மூளை அலைகள் தலைகாட்டின.

ஆக, அந்த அனுபவம் மயங்கும் விநாடிகளில் வந்ததா, அழுத்தும்போதா, கண்விழிக்கும் தருணத்திலா? நினைவில் கடிகாரம் கிடையாது. நேரத்தை நிர்ணயிக்காதவரை ‘மூளை நின்றபோது கண்டார்’ என்பதும் நிரூபணமல்ல, ‘மூளைதான் செய்தது’ என்பதும் முழு விளக்கமல்ல. அனுபவம் நிஜம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுபாஷினி: மேலே மிதந்து பார்த்ததைச் சரியாகச் சொன்னவர்கள் உண்டே? பாம் ரெனால்ட்ஸ் கேஸ்?

1991, அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம். மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்காக அவர் உடலைச் சுமார் 15–16 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, இதயத்தை நிறுத்தி அறுவை சிகிச்சை செய்தார்கள். மண்டையோட்டை அறுத்த ரம்பம் மின்சார பல் துலக்கி போல இருந்தது, ரத்தக்குழாய் சிறியதாக இருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது என்றெல்லாம் பிறகு விவரித்தார். ஆனால் இந்த இரண்டும் நடந்தது இதயத்தை நிறுத்துவதற்கு முன்பு. அப்போது மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மயக்க மருந்துக்கு நடுவே ஓரளவு விழிப்பு வந்திருக்கலாம். எதிர்த்தரப்புக் கேள்வியும் நியாயமானதே: காதில் கருவி பொருத்தி ‘டிக் டிக்’ என்று ஒலிக்கவிட்டிருந்தபோது பேச்சு எப்படிக் கேட்டது?

இதை முறையாகச் சோதிக்கத்தான் பார்னியா குழு, மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி அலமாரித் தட்டுகளில் படங்களை வைத்தது. 2014இல் வந்த முடிவு: 2060 இதய நிறுத்தங்களில் 22 சதவீதமே தட்டு இருந்த அறைகளில் நடந்தன. சரிபார்க்கும்படி நினைவு சொன்ன ஒரே நோயாளி இருந்த இடத்தில் தட்டு இல்லை. 2023 ஆய்வில் யாரும் படத்தைச் சொல்லவில்லை. சோதனைக்காகக் காதில் ஒலிக்கவிட்ட பழங்களின் பெயர்களை மட்டும் ஒருவர் சொன்னார்.

இளங்கோ: நம் பக்கம் எமதூதர் ஆள் மாற்றிக் கூட்டிப்போனதாகச் சொல்வார்களே?

அதுவும் ஆய்வில் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சா, அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனுடன் சேர்ந்து 1986இல் 16 இந்தியச் சம்பவங்களை வெளியிட்டார். தூதர்கள் இழுத்துப்போகிறார்கள், ஏட்டைப் புரட்டும் ஒருவர் ‘இவர் இல்லை’ என்கிறார், திருப்பி அனுப்புகிறார்கள். மேற்கில் இறந்த உறவினர் வந்து ‘உன் வேளை வரவில்லை’ என்பார். வளர்ந்த நம்பிக்கை உருவம் கொடுக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த உருவத்துக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்பதை இந்தச் சம்பவங்களால் தீர்க்க முடியாது.

பவானி: 1896இல் மதுரையில் ரமணருக்கு நேர்ந்ததும் இதுதானா?

அவர் உயிர் ஆபத்தில் இல்லை. 16 வயதில் திடீரென வந்த மரண பயத்தில், உடல் செத்ததாகப் பாவித்துத் தன்னை விசாரித்தார். அதனால் மருத்துவக் கணக்கில் இது சேராது. ஆனால் உயிருக்கு ஆபத்தே இல்லாமல் இதே தீவிரத்துடன் அனுபவம் வந்தவர்களையும் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு 2014இல் பதிவு செய்திருக்கிறது.

கவிதா: அப்பா சி.பி.ஆரில் பிழைத்து ஐ.சி.யூ.வில் இருக்கிறார். ஏதோ கண்டதாகச் சொல்கிறார். எப்படிப் பேசுவது?

‘வெளிச்சம் தெரிந்ததா?’ என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். ‘கண் முழிக்கிறதுக்கு முன்னாடி என்ன ஞாபகம் இருக்குப்பா?’ என்று மட்டும் கேளுங்கள். அன்று என்ன நடந்தது என்று உறவினர்கள் அவரிடம் சொல்வதற்கு முன்பே, அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். தேதி, மணி குறியுங்கள். கெட்டமின், மிடாசோலம் போன்ற மயக்க மருந்துகள் கொடுத்தார்களா, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் கேட்டு எழுதிவையுங்கள். 2019இல் 625 அனுபவக் குறிப்புகளைப் பல்வேறு போதைப்பொருள் அனுபவங்களோடு ஒப்பிட்டபோது கெட்டமின்தான் மிக நெருக்கமாக வந்தது.

சுவரில் பூச்சி ஊர்கிறது, நர்ஸ் என்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று சொல்லி, மணிக்கு மணி மாறினால் அது ஐ.சி.யூ. சித்தப்பிரமை, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மரண விளிம்பு அனுபவம் அப்படி மாறாது. பயங்கரமாக அனுபவித்தவர்களும் உண்டு. தூக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய பயம் போய்விட்டது என்று அப்பா சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இதய மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடவிடாதீர்கள்.