கருத்தரிக்கும் முன் எடையைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 70 கிலோ. குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். கொஞ்சம் எடை குறைத்துவிட்டு வரச் சொல்கிறார் டாக்டர். மாமியாரோ, “நாளைக்கு ரெண்டு பேருக்குச் சாப்பிடணும், இப்ப எதுக்கு வயித்தைக் காயப்போடுறே?” என்கிறார். அண்மையில் கல்யாணமான என் தங்கை 158 சென்டிமீட்டர், 42 கிலோ. அவளை யாரும் எதுவும் சொல்வதில்லை. யார் சொல்வது சரி?

பதில்: டாக்டர் சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் தங்கையையும் நீங்கள் சேர்த்துக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், உயரத்துக்கேற்ற எடைதானா என்று காட்டும் பிஎம்ஐ கிடைக்கும். உங்களுக்கு அது 29. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று வைத்திருக்கிறோம். நம் உடலில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது அதிகம், சர்க்கரை நோயும் சீக்கிரம் எட்டிப் பார்க்கும் என்பதுதான் காரணம்.

கர்ப்பத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேகத்தை மட்டுப்படுத்தும். குழந்தைக்குச் சர்க்கரை தடையில்லாமல் போய்ச் சேர இயற்கை செய்த ஏற்பாடு இது. ஈடுகட்ட அம்மாவின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். எடை அதிகமுள்ள பெண்ணின் கணையம் ஏற்கெனவே கூடுதல் வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு மேல் முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தை தானே இன்சுலினை நிறையச் சுரந்து, தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு வைத்துப் பெரிதாகிறது. பிரசவத்தில் தோள் சிக்கலாம், சிசேரியன் தேவைப்படலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நிற்கும், இன்சுலின் மட்டும் மிச்சமிருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவது இதனால்தான்.

இது தவிர ரத்தக் கொதிப்பு, கருச்சிதைவு, காலில் ரத்தம் உறைதல், சிசேரியன் தையல் சீழ் பிடிப்பது ஆகியவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. கூடுகிறது என்றுதான் சொல்கிறேன், வந்தே தீரும் என்றல்ல. உங்கள் எடையில் நல்லபடியாகப் பெற்றெடுப்பவர்கள் ஏராளம்.

55 கிலோவுக்கு வந்தால்தான் ஆச்சு என்று நினைக்க வேண்டாம். மூன்றரையிலிருந்து ஏழு கிலோ குறைந்தாலே நல்ல பலன் உண்டு. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு அது சீராவதும் உண்டு. பட்டினி கிடக்காதீர்கள். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் பருப்பும் முட்டையும் வையுங்கள். காபி, டீக்குச் சர்க்கரை வேண்டாம். தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். மெலிவதற்கு மாத்திரை, ஊசி எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். கர்ப்பமான பிறகு எடை குறைக்கும் முயற்சியே வேண்டாம்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த நான்கே வாரத்தில் மூடிவிடும், பல பெண்களுக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது. வழக்கமான அளவு 400 மைக்ரோகிராம். பிஎம்ஐ 30-ஐத் தொட்டால் 5 மில்லிகிராம் தருவதுண்டு. உங்களுக்கு எது என்று டாக்டர் சொல்லட்டும்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடு அநேகமாகத் தேவையே இல்லை. அதற்குப் பிறகும் ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் சுண்டலும் அளவுக்குத்தான் தேவை. உங்கள் பிஎம்ஐக்குக் கர்ப்பகாலம் முழுவதும் 7 முதல் 11.5 கிலோ ஏறினால் போதும்.

உங்கள் தங்கைக்கோ கர்ப்பகாலத்தில் 12.5 முதல் 18 கிலோ ஏற வேண்டும். அவள் பிஎம்ஐ 17-க்கும் கீழே, குறைந்தது 18.5 வேண்டும். ஒல்லியான அம்மாவுக்கு ரத்தசோகை, குறைமாதப் பிரசவம், இரண்டரை கிலோவுக்கும் குறைவாகக் குழந்தை பிறப்பது என்று வேறு வரிசையில் ஆபத்து நிற்கிறது. “கொடி மாதிரி இருக்கா” என்று பாராட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பிரஷர் நான்கையும் இருவருக்கும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.