தோட்டத்திலிருந்து 1990ஐ அழைக்கும்போது

கேள்வி: மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் (பிரிவில்) இருக்கிறோம். மாமியாருக்கு இழுப்பு (ஆஸ்துமா). ராத்திரியில் கூடிவிட்டால் 1990 அம்பியுலன்ஸை அழைப்பதா, தோட்டத்து லொறியைக் கேட்பதா? போனில் என்னென்ன கேட்பார்கள்? பதற்றத்தில் எனக்குப் பேச்சே வராது.

பதில்: இரண்டும் வேண்டும், ஆனால் 1990 முதலில். அம்பியுலன்ஸில் ஒட்சிசனும் பயிற்சி பெற்ற அவசர சிகிச்சை உதவியாளரும் வருவார்கள். லொறியில் அது கிடைக்காது. லொறியின் வேலை வேறு: ஆளைப் பத்திரமாக இறக்கிக்கொண்டு போய் அம்பியுலன்ஸைப் பாதி வழியில் பிடிப்பது. கொழுந்து லொறி ஏறுகிற பாதையெல்லாம் அம்பியுலன்ஸும் ஏறும் என்று நினைக்காதீர்கள். மழை நாளில் லயத்து (தொடர்வீட்டு) வாசல்வரை வண்டி வரட்டும் என்று காத்திருந்தால் அரை மணித்தியாலம் வீணாகலாம்.

நீங்கள் அழைப்பது மஸ்கெலியாவுக்கோ ஹட்டனுக்கோ போவதில்லை. நாடு முழுவதற்குமான 1990 சுவசெரிய அழைப்புகளை எடுப்பது கொழும்புக்குப் பக்கத்தில் ராஜகிரியவில் உள்ள கட்டுப்பாட்டு நிலையம். சேவை இலவசம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசலாம். எடுத்ததும் “தமிழ்” என்று சொல்லிவிடுங்கள். விவரத்தைக் கேட்டு, பக்கத்தில் சும்மா இருக்கும் வண்டியை அனுப்புவார்கள். வண்டிகள் பெரும்பாலும் பொலிஸ் நிலையங்களில்தான் நிற்கும். புறப்பட்ட பிறகு வழி கேட்டு உங்கள் போனுக்கே அழைப்பார்கள்.

சிக்கல் தொடங்குவது இடத்தைச் சொல்வதில்தான். தோட்டத்துக்கு இரண்டு பெயர்: பதிவில் இருப்பது ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடுவது இன்னொன்று. நம் பெயர் வரைபடத்தில் இருக்காது. “மேல் டிவிஷன், பத்தாம் நம்பர் லயம்” என்றால் அப்படி எத்தனையோ தோட்டத்தில் உண்டு. ஆகவே சம்பளத் துண்டில் அச்சடித்திருக்கும் தோட்டப் பெயரைச் சொல்லுங்கள். பெரியதிலிருந்து சின்னதுக்கு வாருங்கள்: மாவட்டம், டவுன், தோட்டம், டிவிஷன், கடைசியில் ரோட்டில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். இப்படி:

“நுவரெலியா மாவட்டம், மஸ்கெலியா டவுனிலிருந்து வர வேண்டும். இன்ன தோட்டம், மேல் டிவிஷன். ஃபேக்டரியைத் தாண்டி மூன்றாவது வளைவில் மாரியம்மன் கோவில். அங்கே டோர்ச் லைட்டோடு ஆள் நிற்பார். 62 வயது, பெண். இழுப்பு. ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை. நினைவு இருக்கிறது.”

அரை நிமிடம் போதும். இதையே கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பேச்சு வராவிட்டாலும் வாசிக்க வரும். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதற்கும் வாசித்துப் பழக்குங்கள். சிக்னல் கோவில் மேட்டில்தான் கிடைக்கும் என்றால் அங்கே போய்ப் பேசுகிறவரே அங்கேயே நிற்கட்டும். திரும்பிப் பார்க்க வீட்டுக்கு ஓடினால் வண்டிக்காரர் எடுக்கிற அழைப்பு கிடைக்காது. தெரியாத நம்பரென்று வெட்டிவிடவும் வேண்டாம்.

ஒரே ஆளுக்காக லயத்தில் ஐந்து பேர் அழைத்து, ஒவ்வொருவரும் ஒவ்வோர் அடையாளம் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஒருவர், ஒரே போன். லொறியிலோ ஆட்டோவிலோ இறங்கத் தொடங்கினால் உடனே 1990க்குச் சொல்லிச் சந்திக்கும் இடத்தை மாற்றுங்கள். சொல்லாமல் இறங்கினால் அம்பியுலன்ஸ் ஒரு பக்கம் ஏற, நீங்கள் வேறு பாதையில் இறங்குவீர்கள். ஆஸ்பத்திரிக்கே போய்விட்டீர்களானால் அழைத்து ரத்துச் செய்யுங்கள். அந்த வண்டிக்காக இன்னொருவர் காத்திருக்கலாம்.

வண்டி வரும்வரை மாமியாரைப் படுக்கவைக்காமல், நிமிர்ந்து கொஞ்சம் முன்சாய்ந்து உட்காரவையுங்கள். டொக்டர் கொடுத்த நீல நிற இன்ஹேலர் இருந்தால் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வழியாக ஒரு பஃப், 30 முதல் 60 விநாடி விட்டு அடுத்தது, 10 பஃப்வரை. உதடு நீலம் பாய்ந்தாலோ ஆள் மயங்கிச் சோர்ந்தாலோ அதை உடனே போனில் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும் ஆளோடு போக வேண்டும்.

நெஞ்சுவலி, வலிப்பு, நினைவிழப்பு, நிற்காத இரத்தப்போக்கு, பிரசவ வலி, விழுந்து எலும்பு முறிவு: இவற்றுக்கும் 1990. முகம் ஒரு பக்கம் கோணி, கை விழுந்தால் (பக்கவாதம்), கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துச் சொல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். யாருக்காவது நினைவு தப்பி மூச்சும் நின்றுவிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆள் மாற்றி மாற்றி அழுத்தினால் கை தளராது.

குளவி கொட்டுவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் கொட்டு வாங்கியவரைக் கையைப் பிடித்து நடத்தி இறக்குவதுதான் வழக்கம். கூட்டை விட்டு விலகும்வரை சரி. பிறகு மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்று வந்தால் ஓரடிகூட நடக்கவிடாதீர்கள். இரத்த அழுத்தம் விழுந்திருக்கும் ஆளை எழுப்பி நடக்கவைத்தால் இதயம் நின்றுவிடலாம். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரவையுங்கள். படங்குச் சாக்கில் நாலு பேர் தூக்கி ரோட்டுக்கு இறக்கலாம்.

சாதாரணக் காய்ச்சல், கிளினிக் திகதி, மருந்து மாத்திரை எடுப்பது: தோட்ட டிஸ்பென்சரியும் ஆட்டோவும் போதும். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும்.

அடிதடி, விபத்துக்கு 119, பொலிஸ். காயம் பட்டிருந்தால் 1990ஐ இன்னொருவர் அழைக்கட்டும். தீக்கு 110. தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வர வேண்டும், லயத்திலோ கூரை ஒன்று. ஆகவே பக்கத்து வீட்டு ஆட்களையும் முதலில் வெளியேற்றுங்கள்.

மண்சரிவுக்கு 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம். ஓரம் நேரான ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் மழை தெரியும். 24 மணித்தியாலத்தில் 7.5 சென்டிமீட்டர் என்றால் விழிப்பு, 10 என்றால் மூட்டை கட்டு, 15 என்றால் வெளியேறு. ஒரே மணித்தியாலத்தில் 7.5 விழுந்தாலும் வெளியேற வேண்டும். நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று சேறானாலோ டப்பாவைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகிய பிறகு 117க்கு அழையுங்கள்.