நெஞ்சுக்குள் ஓடும் கோச்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சேர்,

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 26. ஏழு மாதத்துக்கு முன் ஹட்டன் பஸ்ஸில் வரும்போது திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கி, கை விறைத்து, மூச்சு எடுக்க முடியாமல் போனது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று தடவை வருகிறது. மூன்று முறை ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. கிளினிக்கில் டொக்டர் பதகளிப்பு, அதாவது பதற்ற நோய், என்று சொல்லி செர்ட்ராலினும், தாங்க முடியாதபோது போட குளோனசெபாம் பத்தும் எழுதினார். செர்ட்ராலின் போட்டதும் வயிற்றைப் பிரட்டியது, படபடப்புக் கூடியது. எட்டாம் நாள் நிறுத்திவிட்டேன். மற்றதுதான் உடனே கேட்கிறது. தெரிந்தவர் மூலம் வாங்கிப் பாதி பாதியாகப் போடுகிறேன். கூடப் படிப்பிக்கும் டீச்சர் தன் ப்ரொப்ரனலோல் மாத்திரையைத் தந்தார். எனக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு (ஆஸ்துமா) இருந்ததால் இன்னும் போடவில்லை. பஸ்ஸை விட்டு ஓட்டோவில்தான் போய் வருகிறேன். பெரியம்மா குறி சொல்கிற கோடாங்கியிடம் போகச் சொல்கிறார். எங்கள் ஆட்களின் அறியாமையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பயப்பட ஒரு காரணமும் இல்லாத எனக்கு ஏன் இது? மருந்தே இல்லாமல் குணப்படுத்த முடியாதா? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாத்திரை விஷயத்தை அவர்களிடம் சொல்ல வேண்டுமா?

ம.

அன்புள்ள மகள்,

என் மூத்தவளுக்கும் உன் வயதுதான். நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையில்தான் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்து ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பழைய சேலை இரண்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், அடியில் ஒரு தைல டப்பா. டப்பாவைத் திறந்தால் காகிதத்தில் மடித்த கால் துண்டு மாத்திரை. மஞ்சள் நிறம் வெளுத்துப் போயிருந்தது. அது என்ன என்று இப்போது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாளில் பார்த்து நீ எழுதியிருக்கிறாய், "மற்றதுதான் உடனே கேட்கிறது" என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிடிக்க வேண்டியதை விட்டிருக்கிறாய். செர்ட்ராலின் வேலையைக் காட்டத் தொடங்கவே இரண்டு கிழமை ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு கிழமைகூட எடுக்கும். முதல் சில நாட்களில் குமட்டலும் படபடப்பும் கூடுவது அந்த மருந்தின் வழக்கமான குணம். அதனால்தான் இப்படித் திடீரென்று நெஞ்சடிப்பு வருகிறவர்களுக்கு 25 மில்லிகிராமில் தொடங்கிப் பிறகு ஏற்றுவார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையை எட்டாம் நாள் போய்ப் பார்த்து, செடி செத்துப்போச்சு என்று சொல்கிற ஆள் தோட்டத்தில் உண்டா? நீ அதைத்தான் செய்திருக்கிறாய். டொக்டர் இதையெல்லாம் உனக்குச் சொன்னாரா என்று நீ எழுதவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் அது அவர் குற்றம். திரும்பிப் போய்க் கேட்காதது உன் குற்றம்.

குளோனசெபாம், டயசெபாம், அல்பிரசோலம் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். டயசெபாம் 1963இல் சந்தைக்கு வந்தது. போட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் நெஞ்சு அடங்கும், அதில் பொய் இல்லை. பதற்றத்தை அடக்குவதற்கு மூளையே வைத்திருக்கிற காபா என்ற பொருளின் கையைப் பலப்படுத்துவதுதான் இவற்றின் வேலை. நாள் போகப் போக மூளை அந்தப் பலத்துக்குப் பழகிவிடும். அரை மாத்திரைக்கு அடங்கியது ஒன்று கேட்கும், பிறகு இரண்டு கேட்கும். ஆகவேதான் இரண்டிலிருந்து நான்கு கிழமைக்கு மேல் போக வேண்டாம் என்கிறார்கள். உனக்குப் பத்து எழுதியது பத்தோடு முடிப்பதற்கு. பழகிய பிறகு ஒரே நாளில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை நான் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

1974. என் பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் நம் ஆட்களைத் தலை எண்ணிப் பிரித்தது. ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அக்காவும் தங்கச்சியும் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். தலைமன்னார் வரை கோச்சி என்கிற ரயில், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றுதான் மலையில் பேர். எனக்கு அப்போது ஐந்து வயது. ஹட்டன் ஸ்டேசனில் சன்னலைப் பிடித்துக்கொண்டு கோச்சியோடு ஓடிய அம்மாவின் கால்கள் மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. பெரியம்மா போனது கோத்தகிரிப் பக்கம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கொழுந்து மலையில் நின்ற இடத்திலேயே அம்மாவுக்கு வந்தது. கூடையோடு உட்கார்ந்துவிட்டாராம். "நெஞ்சுக்குள்ள கோச்சி ஓடுது" என்பார். வேறு சொல் அவரிடம் இல்லை. யாழ்ப்பாணத்து டொக்டர்மார் எழுதுகிற பதகளிப்பு என்ற சொல் எங்கள் லயத்துக்கு வந்ததேயில்லை. முதலில் கேஸ்டிக், வயிற்றுக் கோளாறு என்று மருந்து. பிறகு கோடாங்கி, உடுக்கு, வேப்பிலை, கையில் கறுப்பு நூல். அதற்கும் பிறகு தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை, டயசெபாம், ராத்திரிக்கு ஒன்று. பல மாதத்துக்குப் பிறகு அம்மா தூங்கினார். தூங்குகிற அம்மாவைச் சுற்றி நாங்கள் சத்தமில்லாமல் நடந்தோம். ஒன்று இரண்டானது. 1983 ஆகும்போது நாளைக்கு நான்கு. இது எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்று ஒன்பது வருடத்தில் ஒரு வாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறையில் எண்ணிப் போட்டுக் கொடுத்தார்கள், வாங்கி வந்தோம்.

1983 ஜூலை. கலவரம் மலைக்கும் ஏறியது. ஊரடங்கு. டிஸ்பென்சரி பூட்டு. ராத்திரியில் தேயிலைச் செடிக்குள் படுத்துக் கிடந்தோம். உறையில் இருந்தது இரண்டாம் நாளோடு முடிந்தது. அம்மாவுக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, இலை அசைந்தால்கூடத் துள்ளினார். அந்தக் கிழமை யாருக்குத்தான் கை நடுங்கவில்லை? மாத்திரை நின்று ஆறாம் நாள் விடியற்காலை இஸ்தோப்புத் திண்ணையில் விழுந்து வலிப்பு எடுத்தது. வாயில் நுரை தள்ளியது. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அம்மா செத்துப்போனார் என்று கத்தினேன். எனக்கு வயது பதினான்கு.

பயத்தில் வந்த வலிப்பு என்று லயத்தில் சொன்னார்கள். இருபது வருடம் நானும் அதை நம்பினேன். கலவரத்தைப் பற்றி எழுதிய இடத்திலும் அப்படித்தான் எழுதினேன். அது பிழை. 2004இல் கண்டியில் ஒரு சிங்கள டொக்டர் அம்மையார் கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தக் கிழமை ஏதாவது மாத்திரை நின்றதா?

இதைப் படித்து முடித்ததும் நீ குளோனசெபாமை எடுத்து அடுப்பில் போடுவாய் என்பதுதான் இப்போது என் பயம். செர்ட்ராலினை அப்படித்தானே விட்டாய். போடாதே. எத்தனை மாதமாக, நாளைக்கு எவ்வளவு எடுக்கிறாய் என்று ஒரு தாளில் எழுது. தெரிந்தவர் மூலம் வாங்கியதையும் மறைக்காமல் எழுது. அந்தத் தாளை டொக்டர் கையில் கொடு. அவர் குறைக்கும் கணக்கைச் சொல்லுவார். நீயாகக் குறைக்காதே, நீயாகக் கூட்டாதே, ஒரேயடியாக நிறுத்தாதே. செர்ட்ராலினைத் திரும்பத் தொடங்கினாலும் இதே சட்டம்தான். அது குளோனசெபாம் போல அடிமையாக்காது. ஆனால் சுகம் தெரிந்ததும் விடக்கூடாது. சுகமான பிறகும் ஆறு மாதமாவது, பலருக்கு ஒரு வருடம், போட்டுவிட்டுப் படிப்படியாக இறக்க வேண்டும். பட்டென்று விட்டால் தலை சுற்றும், கரண்ட் அடித்தது போல உடம்பு வெட்டும். அப்போது "பார்த்தீர்களா, மாத்திரை பிடித்துக்கொண்டது" என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவாய்.

அறியாமை என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. யாருடைய அறியாமை? கிளினிக் நாள் வேலை நாள். போனால் ஒரு பேர், ஒரு நாள் சம்பளம், போகும். மலையிறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, சிங்களம் தெரிந்த ஒரு ஆளையும் கூட்டிப் போய், அவருக்கும் ஒரு பேர் போய், அவர் "பபுவ கெஹெனவா", நெஞ்சு அடிக்கிறது, என்று ஒரு வரியில் சொல்லி முடிக்க வேண்டும். மாதா மாதம் இது. கோடாங்கி ராத்திரியில் லயத்துக்கே வருவார். நம் பாஷையில் கேட்பார். பெரியம்மா போனதைப் பற்றி அம்மாவிடம் முதலில் கேட்ட ஆள் அவர்தான். டிஸ்பென்சரியில் யாரும் கேட்கவில்லை. உனக்கு மாதச் சம்பளம், லீவு இருக்கிறது, வாசிக்கத் தெரியும். எட்டாம் நாள் மருந்தை விட்டது நீ. என் அம்மா, கிடைத்த வரையில், ஒரு நாள்கூட விடவில்லை.

உன் பெரியம்மா மனசுக்காகக் கோடாங்கியிடம் போவதென்றால் போ. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்காதே. ப்ரொப்ரனலோலை டீச்சரிடம் திருப்பிக் கொடு. அது நெஞ்சடிப்பை அடக்கும், ஆனால் இழுப்பு இருந்தவர்கள் தொடக் கூடாதது. போடாமல் வைத்தாயே, அதற்குச் சந்தோஷம். தைரொயிட்டும் இரத்தமும் சோதித்தார்களா என்று கேள். சாயத்தண்ணியை நாளைக்கு ஒன்று இரண்டோடு நிறுத்து. அதில் இருக்கிற காஃபீன் இந்த நெஞ்சடிப்பைக் கிளப்பிவிடும்.

காரணமில்லாத பயம் ஏன் என்கிறாய். காரணமுள்ள பயத்தைச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயத்தை மூடியது. இன்றைக்கும் அடைமழை பெய்தால் சரிவுக்குக் கீழே இருக்கிறவர்கள் படுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அது நோய் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும். அதே காவல் உன் உடம்பில் மழையே இல்லாதபோது எழும்பிவிடுகிறது. உடம்பு பொய் சொல்லவில்லை, ஆள் மாறிக் கூப்பிடுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்தில்லாமல் முடியுமா என்று கேட்டாய். பலருக்கு முடியும். அறிகை நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, உன்னுடையதைப் போன்ற பதகளிப்புக்கு மருந்துக்கு நிகரான பலன் தருவது. உளவளத்துணையாளரிடம் அனுப்பச் சொல்லி கிளினிக்கில் வாய்விட்டுக் கேள். கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை. அதில் உன்னைத் திரும்ப பஸ்ஸில்தான் ஏற்றுவார்கள். முதலில் ஒரு ஹோல்ட், அடுத்த தரிப்பிடம் வரை மட்டும். நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும், இறங்காதே. பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கும். நடுவில் இறங்கி ஓடினால், ஓடியதால்தான் தப்பினேன் என்று உடம்பு படித்துக்கொள்ளும். ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசில் நீ அந்தப் பாடத்தைத்தான் ஏழு மாதமாக அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய், டீச்சர். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால், வேண்டாத யோசனை வந்தால், 1926க்கு எடு. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். தமிழில் பேச வேண்டும் என்று சொல்.

மாப்பிள்ளை விஷயம் பிறகு பார்க்கலாம்.

கண்டி டொக்டர் அம்மையார் அம்மாவுக்கு முதலில் செர்ட்ராலின் வகை மருந்தான ஃபுளூஒக்சிடீன் தொடங்கினார். அது பிடித்த பிறகுதான், அம்மா அதுவரை போட்டுக்கொண்டிருந்த மஞ்சள் மாத்திரையில் கை வைத்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தாளில் நான்கு வட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் நான்காகக் கோடு கிழித்து, வானத்தைக் காட்டினார். "போயாவுக்குக் கால்." அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், அம்மாவுக்கு அது போதும். 2004 வெசாக் போயாவில் தொடங்கினோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா சவர அலகால் மாத்திரையை வெட்டுவார், நான் தாளில் ஒரு கால் வட்டத்தைக் கறுப்பாக்குவேன். இரண்டு தடவை தாங்காமல் ஒரு போயா கூடுதலாக அதே அளவில் நின்றோம். கடைசிக் காலும் கறுத்த அன்று மிச்சமிருந்த துண்டை எறியச் சொன்னேன். "கெடக்கட்டும்" என்று டப்பாவில் போட்டார்.

அடுத்த கிளினிக் என்றைக்கு என்று எழுது. போய் வந்த பிறகு, அந்தத் தாளைப் பார்த்து டொக்டர் என்ன சொன்னார் என்று எழுது. பஸ்ஸில் போனாயா ஓட்டோவில் போனாயா என்பதையும் எழுது.