மருமகளின் சோர்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடமாகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் நான்தான். கணவர் வேலைக்குப் போகிறார். நாத்தனார்கள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து "அண்ணி, நீங்க தெய்வம்" என்பார்கள். சில மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. விடியுமுன் முழிப்பு வந்துவிடுகிறது. 'இவங்க போயிட்டா தேவலை' என்று நினைத்துவிட்டு, பிறகு அழுகிறேன். நான் பாவியா?

ர.

அன்புள்ள ர.,

இல்லை. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீடுகளில் இந்த நினைப்பு வருவது சகஜம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது மற்ற இரண்டும்: மனம் ஒட்டாததும், விடியுமுன் முழிப்பதும். மாதக்கணக்கில் நீடித்தால் இவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். மாமியாரின் பிரஷரைத் தவறாமல் பார்ப்பீர்கள். உங்களுடையதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 1999-ல் அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோயுற்ற துணையைக் கவனித்து, அந்தச் சுமையில் நொந்துபோன முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. உங்களுக்கு அந்த வயதில்லை. ஆனாலும் இது மனதோடு நிற்கிற விஷயமல்ல.

அந்தத் தெய்வப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெய்வத்துக்கு லீவும் கிடையாது, சம்பளமும் கிடையாது. நாத்தனார்களுக்கு அது வசதி. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் 'பிள்ளைகள்' என்று சொல்வது மகன், மகள், பேரன், பேத்தியை. மருமகள் அதில் இல்லை! வழக்குப் போடச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நலம் விசாரித்து முடிந்ததும், "மாசத்துல நாலு நாள் வந்து இருங்க, முடியாதுன்னா பகலுக்கு ஒரு ஆள் போட்டுச் சம்பளம் குடுங்க" என்று கேளுங்கள். முகம் கோணும். கோணட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றி விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் வந்த திட்டம். படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். உங்களுக்கு 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். உங்களையே முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

மனநல மருத்துவரை நேரில் பார்ப்பதும் அவசியம். அன்று உங்கள் கணவர் லீவு போடட்டும். கஞ்சியின் பதம், மாத்திரை, திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் போன் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.