ஷிண்டோவில் சேர்வது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் நகோயாவில் மென்பொருள் வேலை. ஞாயிறுதோறும் இந்நாட்டின் பூர்வீக மதமான ஷிண்டோவின் கோயில், அட்சுதா ஜிங்கூவுக்குப் போகிறேன். கைகழுவி, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி குனிந்து கும்பிடும்போது ஊர்க்கோயில் கூட்டத்தில் கிடைக்காத அமைதி கிடைக்கிறது. வேதநூல் இல்லை, அரசியல் இல்லை, இயற்கை மட்டும். வெள்ளைக்காரர்கள்கூட ஷிண்டோவை ஏற்கிறார்களே, நானும் முறைப்படி சேர முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஞானஸ்நானம் போல எதுவும் அங்கே கிடையாது. போங்கள், கும்பிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் ஏன் போகிறார்கள் என்பது அவர்கள் பாடு.

ஆனால் ‘அரசியல் இல்லை’ என்று எப்படித் தம்பி எழுதினீர்கள்? நீங்கள் கைதட்டுகிற அட்சுதாவில் இருப்பதாக நம்பப்படுவதே பேரரசரின் மூன்று அரசுச் சின்னங்களில் ஒன்றான வாள்.

எனோஷிமா தீவில் பிவா என்ற நரம்பு வாத்தியம் ஏந்திய பென்டென் தேவியைப் பார்த்து நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். சீனம் வழியாகப் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதி. 1868இல் காமி எனப்படும் ஷிண்டோ தெய்வங்களையும் புத்தரையும் பிரிக்கச் சொல்லி மெய்ஜி அரசு ஆணையிட்டது. பௌத்தர் கையிலிருந்த அந்த இடம் ஜின்ஜா, அதாவது ஷிண்டோ கோயில் ஆனது. முனகாதா தேவியர் என்ற காமிகள் மூவர் மூலவர்களானார்கள். ஆயிரம் வருஷம் சேர்ந்திருந்த தெய்வங்களுக்குப் பாகப்பிரிவினை!

அடுத்து, ஜின்ஜா வழிபாடு மதமே அல்ல, குடிமக்களின் கடமை என்றார்கள். மதம் என்றால் வேண்டாம் எனலாம், கடமையை எப்படி மறுப்பது? அப்போது ஜப்பான் ஆண்ட கொரியாவில், சியோலின் நம்சான் மலையில் 1925இல் ஒரு ஜின்ஜா எழுப்பி, கொரியர்களையும் குனியவைத்தார்கள். மறுத்த கிறிஸ்தவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அதெல்லாம் 1945இல் முடிந்தது என்பீர்கள். எனக்குத் தூக்கம் கெட்டது அதற்குப் பிந்தைய ஒரு வழக்கைப் படித்துத்தான். ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையின் வீரர் ஒருவர் 1968இல் பணியின்போது வாகன விபத்தில் இறந்தார். மனைவி கிறிஸ்தவர். அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்லியும் 1972இல் யமாகுச்சியில் நாட்டுக்காக இறந்தவர்களைக் கும்பிடும் கோகோகு ஜின்ஜாவில் கணவரைக் காமியாக்கிவிட்டார்கள். விண்ணப்பித்தது முன்னாள் வீரர் சங்கம், கூட ஒத்தாசைக்குப் படையின் அலுவலகம். அம்மாள் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார், மேல்கோர்ட்டிலும் ஜெயித்தார். 1988இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. பதினைந்து நீதிபதிகளில் ஒரே ஒருவர்தான் அந்த அம்மாள் பக்கம். மற்றவர் வழிபாட்டைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று புத்தி வேறு சொன்னார்கள். யாருக்கு? புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு!

சேர முடியுமா என்கிறீர்கள். இறந்துபோன அந்த வீரரை யாரும் கேட்கவே இல்லை.

அட்சுதா வளாகத்துக்குள்ளேயே கிஷிமென் என்ற தட்டை நூடுல்ஸ் கிடைக்கும். குளிர்காலத்தில் சூடாகச் சாப்பிட்டுப் பாருங்கள்.