மிச்சிகன் ஆட்டத்துக்கு முன்: ஓஹையோ ஸ்டேட் ரசிகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வரும் சனிக்கிழமை, 2025 நவம்பர் 29, நண்பகல் 12 மணிக்கு, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து), மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் ஓஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதுகின்றன. நாம் ஆடிய 11 ஆட்டத்திலும் ஜெயித்து நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கிறோம். அவர்கள் 9 வெற்றி, 2 தோல்வியோடு 15ஆம் இடம். கணக்கைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் 2021 முதல் நடந்த நான்கு ஆட்டங்களிலும் அவர்களிடமே தோற்றிருக்கிறோம். அதனால் இந்த வாரம் நம் ஊரான கொலம்பஸ் பக்கம் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. வந்த கேள்விகளில் பொதுவாகப் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (டப்ளின், ஓஹையோ): போன வருஷம் நம்ம ஊரிலேயே, தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றோம். உண்மையில் என்னதான் நடந்தது? இந்தத் தடவையும் அதே கதிதானா?

அந்த ஆட்டத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் ஒரே விஷயம்தான் உறுத்துகிறது. நம்மிடம் ஜெரமையா ஸ்மித் இருந்தார், எமெக்கா எக்புகா இருந்தார், இருவரும் அபாரமான ரிசீவர்கள் (வீசும் பந்தைப் பிடிப்பவர்கள்). இருந்தும் நடுக்களத்தில், மிச்சிகனின் மேசன் கிரகாமும் கென்னத் கிராண்ட்டும் மலைபோல் நின்ற இடத்திலேயே போய் மோதிக்கொண்டிருந்தோம். அந்த இருவரும் பிறகு என்எஃப்எல் டிராஃப்டின் (தொழில்முறை லீக் ஆள் எடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். நம் பக்கமோ முன்வரிசையில் நின்று தடுத்துக் கொடுக்கும் சென்டர் செத் மெக்லாஃப்லின் குதிகால் தசைநாண் அறுந்து வெளியே, இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸும் வெளியே. அதாவது ஒட்டுப்போட்ட வரிசையை வைத்துக்கொண்டு எதிராளியின் ஆகப் பலமான இடத்தைத் தேர்ந்தெடுத்து இடித்தோம். பந்தோடு ஓடிய 26 ஓட்டத்தில் 77 யார்டுதான் கிடைத்தது. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

நடுவில் இரண்டு பேரே ஓட்டத்தை அடைத்துவிட்டதால் பின்னால் ரிசீவர்களைக் கவனிக்க அவர்களுக்கு ஆள் மிச்சமானது. நம் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) வில் ஹவர்டின் வீச்சுகளில் இரண்டு எதிராளி கைக்குப் போயின. நம் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) இரண்டு தவறியது, 34 யார்டிலிருந்து ஒன்று, 38 யார்டிலிருந்து ஒன்று. கடைசியில் மிச்சிகனின் கேலல் மல்லிங்ஸ் 27 யார்டு ஓடினார். 45 விநாடி பாக்கி இருக்கும்போது டாமினிக் ஸ்வாடா 21 யார்டு உதையைப் போட்டு முடித்தார்.

அதன்பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே அணி, அதே கோச்சுகள், தேசியக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் டென்னசியை 42-17, ஆரெகனை 41-21, டெக்சஸை 28-14, நோட்ரே டேமை 34-23 என்று வரிசையாக வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். நோட்ரே டேமோடு ஆடியபோது ஆட்டம் கைநழுவப் பார்த்த நேரத்தில், மூன்றாம் டவுன் (பத்து யார்டு போகக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), 11 யார்டு தேவை. ஹவர்ட் 56 யார்டு தூரத்துக்கு ஸ்மித்திடம் வீசினார். நவம்பரில் வராத துணிச்சல் ஜனவரியில் வந்தது. ஆக நம் பிரச்சினை திறமையில் இல்லை. மிச்சிகன் என்றதும் "நாங்களும் முரட்டு அணிதான்" என்று காட்டப்போவதுதான் பிரச்சினை. இந்த வாரம் என் கவலையெல்லாம் அந்த ஒன்றில்தான்.

கேள்வி (ஓஹையோ ஸ்டேட்டில் முதலாண்டு மாணவர்): அண்ணா, அப்படின்னா ஓடவே வேண்டாமா? இந்த ஆட்டத்தில் யார் அதிகம் ஓடுகிறார்களோ அவர்கள்தான் ஜெயிக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

சொல்வது சரிதான் தம்பி. 2021இல் 297க்கு 64, 2022இல் 252க்கு 143, 2023இல் 156க்கு 107, 2024இல் 172க்கு 77. நான்கிலும் ஓட்ட யார்டில் மிச்சிகன் முந்தியது, நான்கிலும் ஜெயித்தது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "அப்போ நாமும் முதல்லேர்ந்தே ஓடணும்" என்று முடிவெடுப்பதுதான் தப்பு. ஓட்டம் எந்த வரிசையில் வருகிறது என்று பார். முதலில் வீசி, அவர்களுடைய சேஃப்டிகள் (பின்னால் நிற்கும் கடைசிக் காவலர்கள்) இருவரையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். அவர்கள் பின்வாங்கியதும் முன்னால் ஆறு பேர்தான் மிஞ்சுவார்கள். அப்போது நம் ஓட்டக்காரர் போ ஜாக்சனிடம் பந்தைக் கொடுத்தால் நாலு, அஞ்சு யார்டு தானாக வரும்.

இன்னொன்று. மிச்சிகனின் நடுவரிசை போன வருஷத்து வரிசை இல்லை. அக்டோபரில் யுஎஸ்சி அவர்களை 31-13 என்று அடித்தபோது, உதவித்தொகைகூட இல்லாமல் அணியில் சேர்ந்த கிங் மில்லர் 158 யார்டு ஓடினார். ஆக ஓட இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் முதல் டவுனில், எட்டுப் பேர் முன்னால் காத்திருக்கும்போது கிடைக்காது.

கேள்வி (பவல், ஓஹையோ): தம்பி, பிள்ளைகளுக்காக நானும் இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். "ரெட் ஸோன், ரெட் ஸோன்" என்று வீட்டில் ஒரே புலம்பல். அங்கே அப்படி என்ன?

அக்கா, எதிராளியின் கோட்டுக்குக் கடைசி 20 யார்டுதான் ரெட் ஸோன். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு போனால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். களம் நீளமாக இருக்கும்வரை வேகமான ரிசீவர்களுக்கு ஓடி விலக இடம் உண்டு. கடைசி 20 யார்டில் அந்த இடம் சுருங்கிவிடும். பின்னால் காக்க வேண்டிய பரப்பு குறைவதால் தடுப்பவர்கள் எல்லாரும் நெருங்கி வந்துவிடுவார்கள். அங்கே டச்டவுன் போட்டால் ஆறு, கூடுதல் உதையோடு ஏழு. முடியாமல் ஃபீல்டு கோலுக்குப் போனால் மூன்று. அதையும் தவறவிட்டால் சுழியம். போன வருஷம் நாம் தோற்ற வித்தியாசமே மூன்று புள்ளிதான். வீட்டில் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி (நோவை, மிச்சிகன்): நான் மிச்சிகன் ரசிகன். கேட்டதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட்டை உங்கள் டிஃபென்ஸ் எப்படிச் சமாளிக்கும்?

கோபம் எதற்கு சார், வாருங்கள். அண்டர்வுட்டுக்கு 18 வயது. மிச்சிகனின் பெல்வில் ஊர்ப் பையன், பள்ளியிலிருந்து வந்தவர்களில் நாட்டிலேயே முதல் இடத்தில் வைக்கப்பட்டவர். கை பலம் அபாரம். கால் இன்னும் ஆபத்து, சென்ட்ரல் மிச்சிகனோடு 114 யார்டு ஓடினார். ஆனால் ஓக்லஹோமாவில் என்ன நடந்தது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். 24 வீச்சில் 9தான் சேர்ந்தது.

நம் டிஃபென்ஸ் கோச் மேட் பாட்ரிஷியா அதே பாடத்தைத்தான் எடுத்துப்போவார் என்று நினைக்கிறேன். ஸ்நாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன் இரண்டு சேஃப்டி பின்னால் நிற்பதுபோல் தெரியும். பந்து கைக்கு வந்ததும் நம் சேஃப்டி கேலப் டவுன்ஸ் முன்னால் இறங்கியிருப்பார், அவர் விட்ட இடத்தில் வேறொருவர் நிற்பார். ஆர்வல் ரீஸ் ஒரு முறை விளிம்பிலிருந்து பாய்வார், அடுத்த முறை பாய்வதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்குவார். முதல் வருஷப் பையனுக்கு அந்த ஒரு விநாடிக் குழப்பம் போதும். இந்த வருஷம் எந்த அணியும் நம்மேல் 16 புள்ளிக்கு மேல் எடுக்கவில்லை. அதில் இந்த மறைப்பு வேலைக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்குப் பயம் திட்டமிட்ட வீச்சில் இல்லை. மூன்றாம் டவுன், 8 யார்டு வேண்டும், நம் ஆட்கள் ஆர்வத்தில் ஆழமாகப் பாய்ந்து விளிம்பை விட்டுவிட, அவர் அந்தச் சந்தில் பத்து யார்டு ஓடிவிடுவாரே, அதில்தான் பயம். கேடன் கரி மாதிரி விளிம்பில் இருப்பவர்கள் பொறுமையாகத் தங்கள் பாதையில் நிற்க வேண்டும்.

உங்கள் தரப்பில் ஓட்டக்காரர்கள் நிலைமையும் சரியில்லை. ஜஸ்டிஸ் ஹேன்ஸ் கால் காயத்தில் வெளியே. ஜார்டன் மார்ஷலுக்குத் தோளில் அடி, மேரிலாந்து ஆட்டத்தில் இறங்கவில்லை. அவர் சின்சினாட்டிப் பையன், நம் மாநிலத்திலிருந்து அங்கே போனவர். ஆடினால் உயிரைக் கொடுத்து ஆடுவார். ரிசீவர் ஆண்ட்ரூ மார்ஷையும் லேசாக எடுத்துவிட முடியாது, நார்த்வெஸ்டர்னோடு 12 பந்து பிடித்து 189 யார்டு எடுத்தவர்.

கேள்வி (சின்சினாட்டி): நம் டிஃபென்ஸ் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, அப்புறம் ஏன் பயம்?

2022ஐ மறக்கக்கூடாது என்பதற்காக. அந்த ஆட்டத்தில் நம்மை முடித்தது ஐந்தே பெரிய தாக்குதல்கள்: 69, 75, 45 யார்டு வீச்சுகள், டானவன் எட்வர்ட்ஸின் 75, 85 யார்டு ஓட்டங்கள். மற்ற நேரமெல்லாம் அவர்களைக் கட்டித்தான் வைத்திருந்தோம். ஆனால் பின்னால் காவல் இல்லாமல் பாய்ந்த ஒவ்வொரு முறையும் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. இந்த ஆண்டு டவுன்ஸும் சன்னி ஸ்டைல்ஸும் தப்பி வருபவரைப் பிடித்து நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள். பத்து யார்டு போனால் போகட்டும், எழுபது ஆகவிடக் கூடாது.

கேள்வி (கொலம்பஸ்): நம் ரிசீவர்கள் ஸ்மித், கார்னல் டேட் இருவருமே ரட்கர்ஸ் ஆட்டத்தில் இறங்கவில்லை. சனிக்கிழமை?

போன வாரம் அவர்கள் இல்லாமலே 42-9 என்று ஜெயிக்க முடிந்ததால் உட்கார வைத்தார்கள். இந்த ஆட்டத்துக்கு என்றுதான் அந்த ஓய்வு. இருவரும் களத்தில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒருவரை இரண்டு பேர் காத்தால் மற்றவர் தனியாகிவிடுவார். நம் குவார்ட்டர்பேக் ஜூலியன் சேயினின் வீச்சு இந்த வருஷம் நூற்றுக்கு எண்பதை ஒட்டிக் கைசேர்கிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்காத பையன்.

கேள்வி (டேட்டன்): பனி கொட்டும் என்கிறார்கள். வீசவே முடியாமல் போனால்?

பனி தானாக வீச்சைக் கெடுக்காது. கெடுப்பது காற்றுதான். பனித்தரையில் எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்று ரிசீவருக்கு முன்கூட்டியே தெரியும். அவரைத் தொடர்பவருக்குத் தெரியாது, வழுக்குவது அவர்தான்.

இந்த இரண்டு அணிகளுக்கும் பனியில் ஒரு பழைய கதை உண்டு. 1950இல் கொலம்பஸில் கடும் பனிப்புயலில் ஆடினார்கள். இரு தரப்பும் சேர்ந்து 45 முறை பந்தை உதைத்து விட்டுக்கொடுத்தார்கள். மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பத்து யார்டு முன்னேறிப் புதிதாக நான்கு முயற்சி பெறுவது) எடுக்காமல் 9-3 என்று ஜெயித்தது. முதல் பாதி முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தபோது, மூன்றாம் டவுனில் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டியிருக்கலாம். நம் கோச் வெஸ் ஃபெஸ்லர் உதைக்கச் சொன்னார். மிச்சிகன் அதைத் தடுத்து, கோட்டுக்குள் விழுந்த பந்தை அமுக்கி டச்டவுன் ஆக்கியது. ஃபெஸ்லர் விலகிய பிறகு கோச்சாக வந்தவர்தான் வுடி ஹேய்ஸ். பயந்து எடுத்த ஒரு முடிவு அந்த ஆட்டத்தையே கொண்டுபோனது. சனிக்கிழமை பனியைக் காரணம் காட்டி நாம் சுருங்கிவிடக் கூடாது.

கேள்வி (கிளீவ்லாந்து): எதிரணி கோச்சுகள் காட்டும் சைகைகளை மிச்சிகன் திருடியதே, அது இப்போதும் நடக்குமா?

அந்த விவகாரத்தில் இந்த ஆகஸ்டில்தான் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ பெரும் அபராதம் விதித்தது. 2024 முதல் இரு தரப்பிலும் களத்தில் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் கோச் நேரடியாகப் பேசலாம், ஒவ்வொரு முயற்சிக்கும் முன் ஓடும் கடிகாரத்தில் 15 விநாடி மீதி இருக்கும்வரை. சைகைக்கு இருந்த தேவை பெரும்பாலும் போய்விட்டது. போன வருஷத் தோல்விக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

கேள்வி (டலிடோ): தோற்றாலும் பிளேஆஃபுக்குப் போய்விடுவோம். கோப்பைதானே முக்கியம்? நம் தலைமைக் கோச் ரையன் டேயை ஏன் இப்படி வறுக்கிறீர்கள்?

நான் வறுக்கவில்லை. கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதர், மரியாதை உண்டு. ஆனால் மிச்சிகனிடம் அவர் கணக்கு 1-4. அந்த ஒரு வெற்றி 2019இல், இதே ஆன் ஆர்பரில், 56-27. நம் பழைய கோச் ஜான் கூப்பர் 13 வருஷம் நல்ல அணிகளைத்தான் கொடுத்தார். மிச்சிகனிடம் 2-10-1 (2 வெற்றி, 10 தோல்வி, 1 சமன்) என்பதைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

வீரர்கள் பக்கமிருந்தும் பாருங்கள். மிச்சிகனை ஜெயித்தால் ஒவ்வொருவருக்கும் கால்சட்டை வடிவில் ஒரு சின்னத் தங்கப் பதக்கம் கொடுப்பது 1934இல் தொடங்கிய வழக்கம். 2022இல் சேர்ந்த ஸ்டைல்ஸும் கரியும் தேசியக் கோப்பையையே கையில் ஏந்தியவர்கள். அந்தச் சின்னப் பதக்கம் இன்னும் அவர்களிடம் இல்லை. இதுதான் கடைசி வாய்ப்பு. அவர்கள் முன்னால் போய் "தோற்றாலும் பரவாயில்லை" என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி (மறுபடியும் டப்ளின்): ஆட்டம் எப்படிப் போகிறது என்று சீக்கிரமே தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது?

நம் முதல் இரண்டு டிரைவைப் (பந்து நம் கையில் இருக்கும் ஒவ்வொரு தொடர்) பாருங்கள். முதல் டவுனில் சேயின் வீசுகிறாரா, பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறாரா என்று கவனியுங்கள். நான்காம் டவுன், ஒன்றோ இரண்டோ யார்டு, எதிராளியின் 35 யார்டு கோட்டுக்குள் இருக்கிறோம் என்றால் உதைக்கும் அணி ஓடிவருகிறதா, ஸ்மித் களத்திலேயே நிற்கிறாரா என்பதையும். ஆரம்பத்தில் அண்டர்வுட் ஒரு நீள வீச்சைப் போட்டு அவர்கள் மூன்றோ ஏழோ முன்னே போகலாம். அது நடந்தால் பதறாதீர்கள். அதற்கு அடுத்த டிரைவில் நம் கோச்சுகள் தங்கள் திட்டத்திலேயே நிற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். நின்றால் 27-13 என்று நாம் ஜெயிப்போம் என்பது என் கணிப்பு.